மெலிந்த எலும்பும் முறிந்த தாடையும்

(மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

சித்தூரிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், மொகிலி மலைப்பாதையைக் கடந்த பின் எதிர்ப்படும் ஊர் பலமனேர். கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் உயர்ந்த மேட்டு நிலத்தில் அமைந்தது. நீலகிரிக்குச் செல்லும் வழி எளிதாவதற்கு முன்னர், சென்னையில் வாழ்ந்த ஐரோப்பியர்கள் உடல்நலம் தேடி வந்து தங்கிய இடங்களுள் இதுவும் ஒன்று. 1911-ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் அமைக்கப்படும் வரை வட ஆர்க்காட்டுடன் இணைந்திருந்த பகுதியாதலால், தெலுங்கோடு தமிழும் இங்கு வீட்டு மொழியாகவும் சந்தை மொழியாகவும் நிலைபெற்றுள்ளது. 2022-இல் ஆந்திர மாநிலத்தின் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது பலமனேர் ஒரு வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடமாயிற்று. புங்கனூர்க் குட்டைப் பசு என்னும் அரிய இனத்தைப் பேணிவரும் கால்நடை ஆராய்ச்சி நிலையமும் இங்கேயே உள்ளது.

பாலுக்குப் பெயர்பெற்ற வட்டாரம். கேழ்வரகுக் களியை அன்றாட உணவாகக் கொண்டு வளர்ந்த மக்கள். ஆண்டின் பெரும்பகுதி வெயிலுக்குக் குறைவில்லாத வானம். இத்தகைய ஊரை முன்வைத்து எலும்பு மெலிவைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் எழலாம். அந்த ஐயத்துக்கு விடை பலமனேரிலிருந்து சற்றேறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதியிலேயே கிடைத்துள்ளது.

திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞானக் கழகம் 1993-இல் நிறுவப்பட்டது. அதன் நாளமில்லாச் சுரப்பியியல் துறையைச் சேர்ந்த சி. வி. ஹரிநாராயண் குழுவினர், திருப்பதி நகரத்தாரையும் சுற்றுப்புறச் சிற்றூர்வாசிகளையும் ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். நகரத்து ஆண்களில் 62 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 75 விழுக்காட்டினருக்கும் வைட்டமின் டி பற்றாக்குறை இருந்தது. கூரையின் கீழ் வாழும் நகரத்தார்க்கு இது நேர்வது இயல்பு எனலாம். ஆனால், காலை முதல் மாலை வரை வயலில் உழைக்கும் சிற்றூர் மக்களிடையேயும் ஆண்களில் 44 விழுக்காட்டினரும் பெண்களில் 70 விழுக்காட்டினரும் அதே பற்றாக்குறைக்கு ஆளாகியிருந்தனர். உணவில் சேரும் சுண்ணாம்புச் சத்தின் அளவு இரு சாராரிடமும் குறைவு; நகரத்தைவிடச் சிற்றூரில் இன்னும் குறைவு. தானியங்களில் மிகுந்துள்ள ஃபைட்டேட் என்னும் பொருள், உண்ணும் சிறிதளவு சுண்ணாம்புச் சத்தையும் குடல் உறிஞ்சவிடாமல் பற்றிக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைவாகவே கிடைத்து வந்தால், உடல் தன்னிடமுள்ள வைட்டமின் டியை விரைந்து செலவிட்டு விடுகிறது. ஆகவேதான் வெயில் மட்டும் போதவில்லை.

பால் கறக்கப்படும் வீட்டிலேயே பால் அருந்தப்படுகிறது என்று திட்டமிடுவோர் எளிதில் கருதிவிடுகின்றனர். பால் ரொக்கப் பயிராகிவிட்ட இடத்தில் அது விடியற்காலையிலேயே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. வீட்டுக்கு எஞ்சுவது தேநீருக்கான அளவு. அதிலும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் கிடைக்கும் பங்கு சிறிது. மாவட்டத்தின் பால் உற்பத்தியைக் காட்டும் புள்ளிவிவரத்தைக் கொண்டு மாவட்டத்து எலும்புகளின் வலிமையை அளவிட இயலாது.

தாடை ஏன் தனித்து நிற்கிறது?

எலும்பு மெலிவு என்றவுடன் இடுப்பு, முதுகுத் தண்டு, மணிக்கட்டு ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. கீழ்த்தாடை நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் உடலின் மற்ற எந்த எலும்பும் சந்திக்காத இரட்டைத் தேய்மானத்தை அது சந்திக்கிறது. முதுமையாலும், மாதவிலக்கு நின்ற பின் ஏற்படும் சுரப்பு மாற்றத்தாலும், ஊட்டக்குறைவாலும் வருவது ஒன்று. அது உடல் முழுமைக்கும் பொது. பற்களை இழப்பதால் வருவது மற்றொன்று. அது தாடைக்கே உரியது. பல்லைத் தாங்குவதற்காக அமைந்த எலும்பு, பல் போன பின் வேலையற்றுக் கரையத் தொடங்குகிறது. இக்கரைதல் கீழ்த்தாடையின் முன்பகுதியில் மேல்தாடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்பதை டால்கிரென் என்னும் ஆராய்ச்சியாளர் 25 ஆண்டுக்காலப் பதிவுகளைக் கொண்டு 1972-இல் எடுத்துக்காட்டினார்.

பற்கள் நிறைந்த கீழ்த்தாடையின் உடற்பகுதி ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் உயரமுடையது. அது 20 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் சுருங்கிய தாடை எனப்படுகிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் லூர் 1996-இல் வகுத்த முறைப்படி, 16 முதல் 20 மில்லிமீட்டர் வரை முதல் வகை. 11 முதல் 15 வரை இரண்டாம் வகை. 10 மில்லிமீட்டரும் அதற்குக் குறைந்ததும் மூன்றாம் வகை. மூன்றாம் வகைத் தாடை ஏறக்குறைய ஒரு பென்சிலின் பருமனே உடையது. அதை முறிக்க வாகன விபத்து தேவையில்லை. குளியலறையில் வழுக்குவதோ, மாட்டுக் கொட்டிலில் கயிறு தடுக்கி விழுவதோ போதும்.

பலமனேரை அடுத்த ஒரு சிற்றூரில் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் அவ்வாறு விழுந்தார் எனக் கொள்ளலாம். பற்கள் யாவும் என்றோ போய்விட்டன, பல்செட் வைத்துக்கொண்டதில்லை. முகவாய்க்கட்டை தரையில் மோதுகிறது. தாடை இருபுறமும் முறிகிறது. பற்களின் பிடிப்பு இல்லாமையால், முன்துண்டு தசைகளின் இழுப்பில் கீழ்நோக்கிச் சாய்கிறது. வாளியின் கைப்பிடி கீழே விழுவதைப்போல் இருப்பதால், மருத்துவர்கள் இதனை ‘வாளிக் கைப்பிடி முறிவு’ என்றே வழங்குகின்றனர். முன்துண்டோடு நாவும் பின்னுக்குச் சரிந்தால் மூச்சு தடைப்படக்கூடும். எனவே இத்தகையவரை வண்டியில் மல்லாக்கப் படுக்க வைத்து மலைப்பாதையில் இறக்கிக்கொண்டு போவது ஆபத்து. கழுத்தில் காயமில்லை என்று தெரிந்தால் முன்சாய்ந்து உட்கார வைத்தோ, ஒருக்களித்துப் படுக்க வைத்தோ அழைத்துச் செல்லவேண்டும். ஊர்தி ஓட்டுநருக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால், சில உயிர்கள் மருத்துவமனை வாயிலை அடையும்.

கம்பியும் தகடும்

பற்கள் உள்ளவருக்குத் தாடை முறிந்தால் மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டுவது பழைய முறை. பற்களே அச்சாக அமைந்து எலும்புத் துண்டுகளை உரிய இடத்தில் நிறுத்திவிடும். பல்லற்றவரிடம் அந்த அச்சு இல்லை. 1860-களில் அமெரிக்கப் பல் மருத்துவர் தாமஸ் கன்னிங், கடினமாக்கிய ரப்பரால் செய்த அணைதட்டை வாயினுள் பொருத்தும் முறையை வகுத்தார். 1865-இல் வண்டி விபத்தில் தாடை முறிந்த அமெரிக்க அயலுறவுச் செயலர் வில்லியம் சீவர்டுக்கு அவரே சிகிச்சை செய்தார். அவர் பெயராலேயே வழங்கும் அணைதட்டு, நூறாண்டுகளுக்கு மேலாகப் பல்லற்றோர் சிகிச்சையில் ஆட்சி செலுத்தியது. நோயாளியின் சொந்தப் பல்செட்டையே தாடையோடு கம்பியால் பிணைத்து அணைதட்டாகப் பயன்படுத்துவதும் உண்டு.

இம்முறையில் செலவு குறைவு; பெரிய கருவிகளும் வேண்டா. ஆனால் வாயை ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை கட்டிவைக்க வேண்டும். ஏற்கெனவே மெலிந்த உடலுக்கு அத்தனை வாரமும் கஞ்சியும் சாறுமே உணவு. மேலும், துண்டுகளின் அசைவு முழுவதும் நிற்பதில்லை. மிகச் சுருங்கிய தாடையில் எலும்பு கூடாமற் போவது அடிக்கடி நேர்கிறது. துண்டுகள் இடம் பெயராத முறிவுக்கு மென்மையான உணவும் கண்காணிப்புமே போதும். அதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1970-களில் பிரான்சில் மிஷலே, ஷாம்பி ஆகியோரின் முயற்சியால் சிறுதகடுகள் வழக்குக்கு வந்தன. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை வாயின் உட்புறமாகவே நுழைத்துச் சிறு திருகாணிகளால் பொருத்தும் இம்முறை, இளைஞர்களின் தாடை முறிவுச் சிகிச்சையில் பெரும் மாறுதலை விளைவித்தது. இங்கேதான் பலரும் தடுமாறுகின்றனர். எலும்பு மெல்லியது, ஆகவே தகடும் மெல்லியதாக இருக்கட்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. உண்மை இதற்கு நேர்மாறானது.

சிறுதகடு பாரத்தைப் பகிர்ந்துகொள்வது. முறிந்த முனைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போது, அவை விலகாமல் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. பென்சில் பருமனுள்ள தாடையில் தாங்கி நிற்கப் போதிய எலும்பு இல்லை. மெல்லும் தசைகளின் இழுப்பு முழுவதும் தகட்டின்மேல் விழுகிறது. தகடு வளைகிறது, அல்லது திருகாணி பிடுங்கிக்கொள்கிறது. ஆகவே நலிந்த தாடைக்கு, பாரம் முழுவதையும் தானே சுமக்கவல்ல கனத்த புனரமைப்புத் தகடு வேண்டும். முறிவுக்கு அருகே எலும்பு மெலிந்திருப்பதால், முகவாய்ப் பகுதியிலும் தாடைக் கோணத்திலும் எஞ்சியுள்ள தடித்த எலும்பில் பக்கத்துக்கு மூன்று திருகாணிகளாவது பொருந்துமாறு அத்தகடு நீண்டிருக்கவும் வேண்டும். திருகாணியின் தலை தகட்டோடு மரையிட்டுப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இப்போது கிடைக்கிறது. தகட்டை எலும்போடு அழுத்திப் பிடிக்கவேண்டிய தேவை அதில் இல்லையாதலால், புரையோடிய எலும்புக்கு அது மிகவும் ஏற்றது. மிகச் சுருங்கிய தாடையாயின், நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து சிறிது எலும்பை எடுத்து முறிவிடத்தில் வைப்பதும் வழக்கம்.

எதிர்வாதமும் இல்லாமலில்லை. முதுமையில் தாடையினுள் ஓடும் தமனி சுருங்கிவிடுவதால், எலும்பு தன்னைப் போர்த்திய மேலுறையிலிருந்தே பெரும்பாலும் இரத்தம் பெறுகிறது. பெரிய தகட்டுக்காக அவ்வுறையை உரித்தால் இருக்கும் ஊட்டமும் கெடாதா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. அறுவை மருத்துவர் எல்லிஸ் குழுவினர் 2008-இல் வெளியிட்ட அனுபவம், கனத்த தகட்டையும் உடனடி எலும்பு ஒட்டையும் ஆதரித்தது. ஆனால் எம்முறை சிறந்தது என்பதை ஆய்ந்த காக்ரேன் தொகுப்பாய்வு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றே முடித்தது. இம்முறிவு அரிது, வருவோரும் இதய நோய், நீரிழிவு முதலியவற்றோடு வருவோர். ஒரே மருத்துவமனை இவ்வினாவைத் தீர்த்துவிட முடியாது. திருப்பதியும், பலமனேரிலிருந்து சித்தூர் வழியாக எளிதில் அடையக்கூடிய வேலூரும், எல்லை தாண்டிய பெங்களூரும் தத்தம் நோயாளிகளை ஒரே படிவத்தில் பதிவு செய்தால் பத்தாண்டுகளில் பயனுள்ள விடை கிடைக்கும். மூன்று மாநில எல்லைகள் சந்திக்கும் இவ்வட்டாரத்துக்கு அது ஏற்ற பணி.

மலிவின் விலை

பொருளாதாரம் பயிலும் மாணவர் இங்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சிறுதகட்டின் விலை குறைவு. புனரமைப்புத் தகட்டின் விலை பல மடங்கு. சிகிச்சைத் தொகுப்புக்கு ஒரே கட்டணம் நிர்ணயிக்கப்பட்டிருக்கும்போது மலிந்த தகட்டைத் தேர்ந்தெடுக்கும் சாய்வு இயல்பாகவே ஏற்படும். முதல் அறுவை தோற்றால் இரண்டாவது அறுவை, இரண்டாவது மயக்க மருந்து, எலும்பு ஒட்டு, துணைக்கு வந்த மகனோ மகளோ இழக்கும் கூலி, போக்குவரத்து ஆகிய யாவும் சேர்கின்றன. கட்டண அட்டவணையில் இவற்றுக்குப் பத்தி கிடையாது. மெலிந்த எலும்புள்ள தாடை முறிவைத் தனி வகையாகப் பிரித்து, அதற்குரிய தகட்டின் விலையை ஏற்கும் தொகுப்பு வகுக்கப்படுவது சிக்கனத்துக்கே உகந்தது.

ஆந்திர மாநிலத்தில் 2007-இல் ஆரோக்கியஸ்ரீ திட்டம் தொடங்கியது முதல் ஏழைகளின் அறுவைச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் முறை வேரூன்றியது. மைய அரசின் மக்கள் ஆரோக்கியத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதன் தொகுப்புகளில் வாய், தாடை அறுவையும் இடம்பெற்றுள்ளது. 2024 அக்டோபர் முதல், வருமானத்தைக் கருதாமல், 70 வயது நிறைந்த அனைவருக்கும் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரையிலான பாதுகாப்பு அதில் சேர்க்கப்பட்டது. மேற்சொன்ன மூதாட்டியின் வயதினருக்கு இது நேரடியாகப் பொருந்துவது. அவர் போன்றோரிடம் அட்டை இருக்கிறதா என்பதை விழுவதற்கு முன்பே கேட்டறிவது கோட்ட அலுவலர்களால் இயலும்.

பட்டியலில் இல்லாத முறிவு

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போதுதான் பெரும் வாய்ப்பு ஒன்று நழுவுகிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால் அதனை மெலிவு முறிவு என்று கொண்டு, எலும்பின் அடர்த்தியைச் சோதித்து மருந்து தொடங்கவேண்டும் என்பது மருத்துவ விதி. ஆனால் இவ்விதியின் வழக்கமான வரையறைகள் மண்டையோடு, முகம், கைவிரல், கால்விரல் ஆகியவற்றை விலக்கிவிடுகின்றன. இளையோரிடம் முகமுறிவு பெரும்பாலும் விபத்தாலும் கைகலப்பாலும் நேர்வதால், இவ்விலக்குக்குக் காரணம் உண்டு. பல்லற்ற மூதாட்டியிடம் அக்காரணம் செல்லுபடியாகாது. தாடைக்குத் தகடு வைத்து அனுப்பப்பட்டவர், சில ஆண்டுகளில் இடுப்பு முறிந்து திரும்பி வரக்கூடும். அப்போது செலவும் துயரமும் பன்மடங்கு.

அடர்த்தியை அளக்கும் கருவி பெரிய மருத்துவமனைகளிலேயே உள்ளது என்பது தடையாகச் சொல்லப்படுகிறது. இதற்கு ஒரு மாற்றுக் குறிப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. தாடை முறிவுக்கென எடுக்கப்படும் முழுத்தாடை எக்ஸ்ரே படத்தில், கீழ்த்தாடையின் அடிவிளிம்பிலுள்ள கெட்டி எலும்பின் கனத்தை அளக்கலாம். முகவாய் நரம்புத் துளைக்கு நேர்கீழே அக்கனம் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால், எலும்பு மெலிவு இருக்கக்கூடும் என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியுள்ளன. இது நோயைத் தீர்மானிக்கும் சோதனை ஆகாது; யாரை மேல்சோதனைக்கு அனுப்புவது என்று தேர்ந்தெடுக்க உதவுவது. படத்துக்குத் தனிச் செலவில்லை. அளவுகோலும் பார்க்கும் கண்ணும் போதும்.

மருந்திலும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. எலும்பு கரைவதைத் தடுக்கும் பிஸ்ஃபாஸ்ஃபொனேட் வகை மருந்துகளைப் பெற்றவர் சிலருக்குத் தாடை எலும்பு உயிரிழந்து வெளிப்படுவதை, 36 நோயாளிகளைக் கொண்டு மார்க்ஸ் என்னும் மருத்துவர் 2003-இல் முதன்முதலாக உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலும் பல் பிடுங்கிய பின்னரே இது தோன்றுகிறது; முற்றினால் தாடை தானே முறிவதும் உண்டு. புற்றுநோய்க்காக அதிக அளவு ஊசி பெறுவோரிடம் இதன் அபாயம் கருதத்தக்கது. எலும்பு மெலிவுக்காக மாத்திரை உண்போரிடம் பத்தாயிரத்தில் இருவர் முதல் ஐவர் வரை என்று அமெரிக்க வாய்-தாடை அறுவை மருத்துவர் சங்கம் 2022-இல் மதிப்பிட்டது. அச்சத்தால் மருந்தை நிறுத்துவது இடுப்பெலும்பைப் பணயம் வைப்பதாகும். சொத்தைப் பற்களைச் சரிசெய்த பின் மருந்தைத் தொடங்குவது தக்க முறை. ஏற்கெனவே தொடங்கியிருந்தால் பல் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

பிறவியிலேயே எலும்பு நொய்மையுடைய குழந்தைகளும் உள்ளனர். கொலாஜன் என்னும் புரதத்தின் குறைபாட்டால் வரும் இந்நோயில் கைகால் எலும்புகள் அடிக்கடி முறியும். தாடை முறிவது அரிது. அவ்வாறு முறிந்தால், முளைக்கவிருக்கும் பற்களைத் திருகாணி துளைத்துவிடாதபடி சிகிச்சையை வகுக்க வேண்டியிருப்பதால், அதனைப் பெரிய மையங்களே மேற்கொள்ளத் தக்கது.

பல்லைக் காப்பது தாடையைக் காப்பதே. தேசிய வாய்நலத் திட்டம் 2014-15-இல் தொடங்கப்பட்ட பின், மாவட்ட நிலைக்குக் கீழும் பல் மருத்துவப் பிரிவுகளுக்கு உதவி கிடைக்க வழி ஏற்பட்டது. அப்பிரிவுகளின் பணியைப் பிடுங்கிய பற்களின் எண்ணிக்கையால் மதிப்பிடும் வழக்கம் மாறி, காப்பாற்றிய பற்களின் எண்ணிக்கையும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். உணவைப் பொறுத்தவரை, வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்தது. 100 கிராம் கேழ்வரகில் அது 350 மில்லிகிராம் அளவுக்கு உள்ளது. அரிசியில் மிகச் சொற்பம். மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கூழிலும், முளைகட்டிய கேழ்வரகிலும் ஃபைட்டேட் குறைகிறது. களியைக் கைவிட்டு அரிசிச் சோற்றுக்கு மாறிய குடும்பங்களில் கூழ் முதியோரின் உணவாக மட்டும் எஞ்சியிருப்பின், அதனோடு ஒரு குவளை மோரும் சேருமாறு செய்வது அங்கன்வாடிகளும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் மேற்கொள்ளக்கூடிய பணி. கொள்முதல் நிலையத்துக்குச் செல்லும் பாலில் வீட்டுக்கு எவ்வளவு நிறுத்தி வைக்கப்படுகிறது என்ற ஒரு கேள்வியை, பால் கூட்டுறவுகளின் கணக்கெடுப்புப் படிவத்திலேயே சேர்த்துவிடலாம்.